நடு ரேக்கில் கெட்ட டிஸ்குகள்

ஏழாவது

அற்புதம் பர்ன்-இன் அறையிலிருந்து வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். வழக்கமாகக் கையிலிருக்கும் சீட்டை நீட்டிவிட்டுப் போய்விடுவாள். அன்று நீட்டவில்லை.

“இன்னொன்னு பூட்ச்சி சார்” என்றாள்.

அது கெட்டுப்போன ஏழாவது ஹார்ட் டிஸ்க். இரண்டு வாரத்தில் ஏழு.

1991-ஆம் வருடம், மழைக்காலம். பென்னலூரில் வயலை ஒட்டிய ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் நாங்கள் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தோம். ‘செய்தோம்’ என்று சொல்வது கொஞ்சம் அதிகம். உதிரிப் பாகங்களை வாங்கிக் கோத்தோம். ஆபீஸ்களுக்கான மலிவான மெஷின். கடிதம் அடிக்கலாம், சம்பளப் பட்டியல் போடலாம், கணக்கு எழுதலாம். அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, ஒரு ஃப்ளாப்பி டிரைவ், இருபது எம்.பி. ஹார்ட் டிஸ்க். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கிற நான்கைந்து படங்களுக்குக்கூட அந்த இருபது எம்.பி. போதாது. அன்று ஓர் ஆபீஸின் மூன்று வருடக் கணக்கு அதில் அடங்கியது.

நான் அங்கே டெஸ்டிங் இன்சார்ஜ். பெண்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘கணக்கு சார்’. காரணம் உண்டு. ஒரு கேபினட்டுக்கு இருபத்து மூன்று ஸ்க்ரூ. கோக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் இருபத்து மூன்றை எண்ணிப் போட்டுக் கொடுப்பேன். மெஷின் முடியும்போது டம்ளர் காலியாக இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் எங்கோ பூட்டவில்லை என்று பொருள். ஒன்று குறைந்தால் அது உள்ளே போர்டின் மேல் கிடக்கிறது என்று பொருள். கரண்ட் கொடுத்ததும் போர்டு புகையும். அதனால் எண்ணினேன். எண்ணாதவற்றையும் பழக்கத்தில் எண்ணினேன். அது என் உடம்போடு பிறந்த நோய். வீட்டிலும் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஏழு என்ற எண் என்னைப் பயமுறுத்தியதற்குக் காரணம் வேறு. ஒரு கூட்டுறவு நிறுவனம் எங்களிடம் அறுபது மெஷின் கேட்டிருந்தது. முதலில் இருபத்து நான்கு அனுப்ப வேண்டும். அது ஒழுங்காக ஓடினால் மீதி முப்பத்தாறு. இல்லையென்றால் ஆர்டர் ரத்து. எங்களிடம் அதைத் தவிர வேறு ஆர்டர் கிடையாது. ரத்தானால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர் வேலை செய்தோம். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வேறு எங்கேயும் யாரும் என்னைக் கூப்பிடுகிற வயது இல்லை.

டீலர் மேல் கோபம்

முதலாளி தாமோதரன் உயரமான மனிதர். அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். குரலும் உயரம். கேபினில் போன் பேசினால் மெஷின் கோக்கிற லைனில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கப் பேச்சும் புரிந்துவிடும்.

“எனக்கு மட்டும் பொறுக்கி எடுத்து அனுப்புறியாய்யா? ஏழு டிஸ்க்! ஏழும் பேட் செக்டார்!”

டிஸ்க் விற்ற சென்னை டீலர் ஏதோ சொன்னார்.

“மத்தவங்களுக்கு நல்லா ஓடினா நான் என்ன பண்றது? என்கிட்ட ஓடல!”

பேட் செக்டார் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதிப் படிக்கிற முனை அந்தத் தட்டில் படாமல், மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் மேலே நிற்கும். முனை தட்டில் இடித்தால் அந்த இடம் கெட்டுப்போகும். அங்கே எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது. அது யாரோ ஒருவருடைய சம்பளக் கணக்காக இருக்கலாம்.

கோத்து முடித்த மெஷின்களைப் பர்ன்-இன் அறையில் இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டுவோம். பலவீனமான பாகம் வாடிக்கையாளரிடம் போய்ச் சாவதற்கு முன்னால் நம்மிடமே சாகட்டும் என்பதற்காக. மூன்று ரேக், ரேக்குக்கு எட்டு மெஷின். எட்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர். அற்புதம் அதன் ஒயரை ஒவ்வொரு மெஷினிலும் மாற்றி மாற்றிச் செருகி, எந்த மெஷினில் எத்தனை மணிக்கு எர்ரர் வந்தது என்று திரையைப் பார்த்துக் குறித்து வருவாள். சிக்கனம்தான். மெஷின் மலிவாக இருக்க வேண்டுமென்றால் அதைச் செய்கிற இடமும் மலிவாகத்தான் இருக்க முடியும்.

அவள் பெண்குழந்தை பெற்று நான்கு மாதமாகியிருந்தது. உள்ளூர், பென்னலூர்க்காரி. மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

ஏழாவது சீட்டையும் வாங்கி, ஏழையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஏழும் நடு ரேக். சுவரோர ரேக்கில் ஒன்றும் இல்லை. ஜன்னலோர ரேக்கில் ஒன்றும் இல்லை.

“அற்புதம், ஜன்னலோர ரேக்கில் நல்லா ஓடுற டிஸ்க் ஒன்றைக் கழற்றி நடு ரேக்கில் மாட்டு” என்றேன்.

மறுநாள் பிற்பகல் அதுவும் போனது. எட்டு.

அப்படியானால் கெட்டது டிஸ்க் இல்லை. இடம்.

குறித்த நேரத்துக்கு வருகிறவன்

பர்ன்-இன் அறைக்கு நான் தினமும் இரண்டு முறை போவேன். காலை ஒன்பதரைக்கு, மாலை நான்குக்கு. ஒரு நிமிடம் முன்பின் இருக்காது. இதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். குறித்த நேரத்துக்கு வருகிறவனை ஏமாற்றுவதுபோல் சுலபம் உலகத்தில் எதுவும் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

எட்டாவது போன மறுநாள், பதினோரு மணிக்குப் போனேன். வெளியே நல்ல மழை. கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. இருபத்து நான்கு மெஷின்களின் சூடு, இருபத்து நான்கு ஃபேன்களின் ஒரே மாதிரி இரைச்சல். நடு ரேக்கின் உச்சியிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் கரண்ட் ஒயர் கொண்டுபோக ஒரு ஜி.ஐ. பைப் போட்டிருந்தோம். பைப்பில் எப்போதும் ஒரு கயிறு தொங்கும். ஒயர் கட்டுவதற்கு என்று நினைத்திருந்தேன்.

அன்று அந்தக் கயிற்றில் ஒரு நீலப் புடவை தூளியாகத் தொங்கியது. லைனில் மூத்தவளான சரோஜா, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அந்தப் பக்கம் போனவள், போகிற போக்கில் தூளியை ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

“இன்னா சார், நாலு மணிக்குத்தான வருவீங்க?”

அவளுக்குப் பின்னால் அற்புதம்.

“அத்தைக்கு மழையில வயுக்கி வுயுந்து காலு ஒடிஞ்சிட்ச்சி சார். வூட்ல யாரும் இல்ல. இங்கதான் சூடா கீது. ஃபேன் சத்தத்துல நல்லா தூங்குது. அயுவே அயுவாது சார்.”

“எத்தனை நாளாக?”

“ரெண்டு வாரம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள்.

“கொயந்த இன்னா பண்ணுச்சி உங்கள? டிஸ்க்குள்ளயா பூந்து தூங்குது? போன வருசம் அந்த வள்ளிய அனுப்ச்ச மாரி இவளயும் அனுப்பிடுவீங்களா?”

அவள் சொன்னது உண்மை. முந்தின வருடம் வள்ளி என்கிற பெண் பையனைக் கூட்டிவர, அவன் ஈயம் உருக்குகிற சால்டர் பாத்திரத்தில் கை வைக்கப் போய்விட்டான். முதலாளி ஓடிவந்து தூக்கினார். அன்றே ‘ஷெட்டுக்குள் குழந்தைகள் கூடாது’ என்று போர்டு எழுதி மாட்டினார். வள்ளியை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்.

ஒரு ஸ்க்ரூ டம்ளரைக் காலி செய்து, விளிம்புவரை தண்ணீர் பிடித்து, நடு ரேக்கில் மேல் தட்டில் வைத்தேன். பிறகு தூளியைத் தள்ளினேன். குழந்தை தூக்கத்தில் ஒருமுறை சப்புக்கொட்டியது. டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

அற்புதம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூளியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள்.

“ஐயோ சார்” என்றாள். “நானா கெடுத்தேன்?”

“அவ மட்டும் இல்ல சார்” என்றாள் சரோஜா. இப்போது குரலில் காரம் இல்லை. “இந்தப் பக்கம் போறப்போ வர்றப்போ எல்லாரும் ஒரு ஆட்டு ஆட்டுவோம். ஆறு பேரும். ஆனா மெதுவாத்தான் சார். கொயந்த தூங்கற அளவுக்குத்தான்.”

ஒரு மணி

அவர்கள் மெதுவாக ஆட்டினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் மெதுவாகத்தான் தள்ளினேன். தண்ணீர் நடுங்கியதே தவிர ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த நடுக்கத்துக்கு டிஸ்க் தாங்கும்.

அற்புதத்தின் சீட்டுகளை மறுபடி பார்த்தேன். எட்டு டிஸ்கிலும் முதல் எர்ரர் வந்தது மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றே காலுக்குள். அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் ஷெட்டின் பின்பக்கம் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அற்புதம் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கடைசியாக வந்து உட்காருவாள்.

“அந்த நேரத்தில் உள்ளே யார்?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல சார். நாங்க எல்லாம் சாப்பாட்டுல இருப்போம்” என்றாள் அற்புதம். “அது எப்பவும் முய்ச்சிக்கற நேரம். ஆனா தானா தூங்கிடுது சார். நல்ல கொயந்த.”

தானாகத் தூங்குகிற குழந்தை டிஸ்கைக் கெடுக்காது.

அன்று மட்டும் தூளி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிடப் போகவில்லை. அவள் பால் கொடுத்துவிட்டுப் போனதும் நடு ரேக்குக்குப் பின்னால் போய் நின்றேன். கதவு திறந்தது. முதலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு தாமோதரன் சார் உள்ளே வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அந்த மனிதர் எதையும் சத்தமில்லாமல் செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தூளிக்குள் குனிந்தார்.

“என்னடி ராஜாத்தி, முழிச்சிக்கிட்டியா? அம்மா ரெண்டு வாய் சாப்பிடட்டும். நாம பேசிக்கிட்டு இருப்போம்.”

ஆட்ட ஆரம்பித்தார். ஆட்டுவதா அது? கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி. அமெரிக்காவில் படித்தவருக்குத் தூளி ஆட்டச் சொல்லித்தர யாரும் இல்லை போலிருக்கிறது. ரேக்கின் கால்கள் தரையில் டக் டக் என்று தட்டின. குழந்தைக்கு அது பிடித்திருந்தது. சிரிக்கிற சத்தம் கேட்டது.

“நீ சிரிக்கிற. எனக்கு எட்டு டிஸ்க் போச்சுடி. அந்த டீலர் பய ஏமாத்துறான். இந்த ஆர்டர் போச்சுன்னா உங்கம்மாவுக்கு நான் என்னடி பதில் சொல்றது? ம்? சொல்லு.”

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தள்ளு. மேல் தட்டில் நான் வைத்திருந்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. தண்ணீர் கீழே இருந்த மெஷின் மேல் கொட்டிவிடுமோ என்ற பயத்தில் கையை நீட்டிப் பிடித்துவிட்டேன்.

ரேக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்ததைப் பார்த்து அவர் பதறிப்போனார்.

“யோவ் கணக்கு! அங்க என்னய்யா பண்ற?”

நான் டம்ளரை மறுபடி நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன். “ஆட்டுங்க சார்” என்றேன். ஆட்டினார். பாதித் தண்ணீர் வெளியே வந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், பைப் போய் முடிகிற ரேக்கைப் பார்த்தார். படித்த மனிதர். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்போ டிஸ்கைக் கெடுத்தது நானா?”

“எல்லாரும்தான் சார். நீங்க கொஞ்சம் அதிகம்.”

தலையில் கை வைத்துக்கொண்டு மெஷின் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். “அந்த ஆளை எவ்வளவு திட்டினேன்!”

“நாலு தடவை சார்.”

“அதையும் எண்ணினியா?”

குழந்தை, ஆட்டம் நின்றுவிட்டதால், அழ ஆயத்தமாக உதட்டைப் பிதுக்கியது. அவர் எழுந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பழக்கப்பட்ட தோள் என்று தெரிந்தது. குழந்தை அவர் சட்டைப்பை பேனாவைப் பிடித்துக்கொண்டது.

“உங்களுக்கு எப்போ சார் தெரியும்?” என்றேன்.

“ரெண்டாவது நாளே. வோல்டேஜ் பார்க்க வந்தேன். இது முழிச்சிக்கிட்டு என்னைப் பார்த்துச்சு.” குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “போர்டு எழுதினவன் நான். இப்போ நானே பரவாயில்லன்னு எப்படிய்யா சொல்றது? வள்ளியை அனுப்பினேனே. அதனால தெரியாத மாதிரி இருந்தேன். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தாலே நடுங்குது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நாளைக்கே நின்னுடும். நீ சொல்லாதே.”

“சொல்லல சார். ஆனா தூளியை மாத்தணும்.”

“மாத்து. ஆனா இந்த அறையிலேயே இருக்கட்டும். வெளியே ஈரம்.”

கூரையிலிருந்து

வல்லம் வடகாலிலிருந்து சைக்கிளில் வருகிற எலெக்ட்ரீஷியன் முனுசாமியைக் கூப்பிட்டேன். கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் ஒரு கொக்கி போடச் சொன்னேன். எந்த ரேக்கையும் தொடாமல் நேராகக் கீழே இறங்க வேண்டும்.

“இன்னா சார் மாட்டப் போறீங்க? எவ்ளோ வெயிட்டு?”

“ஆறு கிலோ. கூடிக்கொண்டே போகும்.”

அவன் தூளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏணியில் ஏறி, நாற்பது கிலோ தாங்குகிற கொக்கியாகப் போட்டான். அதில் ஓர் இரும்பு வளையம், வளையத்தில் கயிறு, கயிற்றில் நீலப் புடவை. டம்ளர் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு ஆட்டினாலும் தண்ணீர் அசையவில்லை. சரோஜாவை விட்டுப் பலமாக ஆட்டச் சொன்னேன். அசையவில்லை.

“சார் கேட்டா இன்னா சொல்றது?” என்றாள் அற்புதம்.

“அவர் அண்ணாந்து பார்க்கிற மனிதர் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அன்று மாலை முதலாளி டீலருக்குப் போன் செய்தார். எல்லோரும் கேட்டோம். “தப்பு எங்க மேலதான்யா. ரேக் அதிர்ந்திருக்கு… பக்கத்துல மெஷினா? ஆமா, ஒரு மெஷின் ஓடுது… பெருசு இல்ல. சின்னது.” எட்டு டிஸ்குகளில் ஆறு, திரும்ப ஃபார்மேட் செய்தபோது சரியாகிவிட்டன. இரண்டில் உண்மையாகவே கீறல். அந்த வருடம் வெளிநாட்டுச் சரக்கு வருவது பெரும்பாடு. கேட்டவுடன் கிடைக்காது. ஒன்றுக்குப் பதில் என் டெஸ்டிங் மேஜை மெஷினிலிருந்து கழற்றினேன். இன்னொன்றை முதலாளி தன் கேபின் மெஷினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மாதம் அவர் ஃப்ளாப்பியிலேயே வேலை பார்த்தார்.

இருபத்து நான்கு மெஷினும் நடு ரேக்கிலும் மற்ற ரேக்கிலுமாக இரண்டு நாள் ஓடின. ஒரு எர்ரர் இல்லை. மழை விட்ட ஒரு காலையில் வைக்கோலும் தெர்மோகோலும் வைத்துக் கட்டி, தார்ப்பாய் போட்ட வண்டியில் ஏற்றினோம். வண்டி தண்டலம் தாண்டிப் போய்ச் சேர்ந்து, மூன்று வாரம் கழித்து அந்தக் கூட்டுறவு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. மீதி முப்பத்தாறையும் அனுப்பச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு பென்னலூர்ச் சாலையில் எத்தனையோ கம்பெனிகள் வந்தன. இரண்டு மூன்றில் நானும் வேலை பார்த்தேன். எங்கே போனாலும், ஒரு பாகம் அடுத்தடுத்துக் கெட்டால் விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்ப்பேன். குறித்த நேரம் தவிர இன்னொரு நேரத்திலும் போய்ப் பார்ப்பேன். சின்னவர்களுக்குத் தொழிலில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

முனுசாமி போட்ட வளையம் கொக்கியில் உராய்ந்து கிறீச், கிறீச் என்று சத்தம் போட்டது. எனக்குச் சத்தம் ஆகாது. ஒரு சின்னக் கிறீச்சுக்கும் எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறவன். கொக்கி போட்ட மறுநாள் மதியம் குப்பியோடு பின்தாழ்வாரம் வழியாகப் பர்ன்-இன் அறைக்குப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அற்புதம் அப்போதுதான் வந்து தூக்கைத் திறந்திருந்தாள். வாயில் சோறு போடாமல் காதைக் கதவுப் பக்கம் வைத்திருந்தாள்.

உள்ளே கிறீச் என்றது. நின்றது. மறுபடி கிறீச்.

ஆறு பெண்களும் வட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். முனுசாமி சைக்கிளில் சாப்பிடப் போயிருந்தான். நான் வெளியே நின்றிருந்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சரோஜா ஊறுகாயை அற்புதம் பக்கம் தள்ளினாள்.

“துன்னுடி, ஆறிடப்போவுது.”

அற்புதம் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு தூக்கைச் சரித்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

நான் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஷெட்டில் நான் இருந்தவரைக்கும் அந்த வளையத்துக்கு யாரையும் எண்ணெய் போட விடவில்லை.